ஒயில் கசிவுக்குப் பின்னால் ஒரு பெருவிரல் அளவு வால்வு: பி.சி.வி.யை எங்கே தேடுவது?

இரவு முற்றத்தில் நிறுத்திய கார் காலையில் நகரும்போது நிலத்தில் கறுப்பாக இரண்டு மூன்று சொட்டு. கராஜுக்குக் கொண்டுபோனால் ஒயில் சீல் போய்விட்டது என்கிறார்கள். சீல் மாற்றப்படுகிறது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில், அல்லது அதற்குப் பக்கத்தில், மறுபடியும் கசிவு. மூன்றாவது தடவை போகும்போது எஞ்சினை இறக்கித்தான் பார்க்கவேணும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சுக்கு இன்றைய இலங்கையில் என்ன விலை என்பது வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் வீதியில் ஓடிய கார்கள் எல்லாம் ஐந்து வயது கூடிக்கொண்டன. இறக்குமதி திறந்த பிறகும் புதிய வாகனத்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் விட்ஸையும் பிரியஸையும் சிவிக்கையும் இன்னும் எத்தனை வருடம் இழுக்கலாம் என்பதுதான் கேள்வி. எஞ்சினைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன்னர் பார்க்கவேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது பெருவிரல் அளவுதான். பி.சி.வி. வால்வு என்பார்கள். பொசிற்றிவ் கிராங்கேஸ் வென்ரிலேசன் என்பது விரிவு. எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வழியின் வாசல் என்று சொல்லலாம்.

அடிவயிற்றில் வாயு எப்படிச் சேர்கிறது?

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் முழுமையாக அடைத்துக்கொள்வதில்லை. பெற்றோலும் காற்றும் எரிந்து வெடிக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு. அந்த அழுத்தத்தில் சிறு பகுதி வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங் சாஃப்ற் சுழலும் அறைக்குள் இறங்குகிறது. மெக்கானிக்குகள் இதை ‘புளோ பை’ என்பார்கள். புத்தம் புதிய எஞ்சினிலும் இது உண்டு. தேய்ந்த எஞ்சினில் அதிகம்.

இறங்கும் வாயுவில் எரியாத பெற்றோல் ஆவி இருக்கிறது, புகை இருக்கிறது, எல்லாவற்றையும்விட நீராவி இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பான செய்தி. அதில் மிகப் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கீழே இறங்கிய மிச்சம் வெளியேற வழியில்லாவிட்டால் குளிர்ந்து ஒயிலோடு கலக்கும். பெற்றோல் ஆவியும் சேர்ந்தால் ஒயில் தன் வழவழப்பை இழக்கும். கறுத்த களியாக மாறி நுண்ணிய ஒயில் பாதைகளை அடைக்கும்.

அடுத்தது அழுத்தம். அடைபட்ட அறைக்குள் வாயு சேரச் சேர அழுத்தம் ஏறும். அது எங்கே பலவீனமோ அங்கே வழி தேடும். கிராங் சாஃப்ற்றின் முன் சீல், பின் சீல், டப்பற் கவரின் கஸ்கட் என்பனதான் முதலில் கைவிடும். ஒயில் அளக்கும் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும் இதனால்தான். சீலை மாற்றினால் புதிய சீல் சில காலம் தாக்குப்பிடிக்கும். அழுத்தம் அப்படியே இருந்தால் அதுவும் தோற்கும். பின் சீல் மாற்றுவதென்றால் கியர் பெட்டியைக் கழற்றவேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சின்ன வால்வின் பெறுமதி விளங்கும்.

நிலத்தைப் பார்த்த குழாயிலிருந்து வால்வு வரை

பழைய கார்களில் வால்வே கிடையாது. எஞ்சினின் பக்கத்திலிருந்து ஒரு இரும்புக் குழாய் இறங்கி நிலத்தைப் பார்த்தபடி நிற்கும். கார் ஓடும்போது கீழே விரையும் காற்று அந்தக் குழாயின் வாயில் சிறு உறிஞ்சலை உண்டாக்கி உள்ளே இருக்கும் வாயுவை இழுத்து வீதியில் விட்டுவிடும். நின்றுகொண்டு இயங்கும் காரில் உறிஞ்சல் இல்லை. ஒயில் ஆவி வீதியிலேயே படியும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அந்தத் தலைமுறை எஞ்சின்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வடக்குக்குள் வராத காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் பீச்சிக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல்போல் இலகுவில் ஆவியாகாது. எரியாத பகுதி ரிங்குகளைத் தாண்டி வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்தக் கார்களின் அடியில் எப்போதும் இருந்த புகையும் எண்ணெய் நாற்றமும் இந்த எளிய குழாய் வழி வந்த பங்கையும் கொண்டிருந்தன. ஏன் இப்படி என்று யாரும் அன்று கேட்டிருக்க மாட்டார்கள். கார் ஓடியதே பெரிய விசயம்.

குழாயை வால்வாக மாற்றியது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டம். கார்களிலிருந்து வரும் எரியாத எரிபொருள் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் சேர்ந்து அந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். காரிலிருந்து வெளியேறும் எரியாத ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரில் இருந்தல்ல, இந்தக் கீழ்க்குழாயில் இருந்துதான் வருகிறது என்பதும் தெரியவந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் இந்த வால்வு வரத் தொடங்கியது; 1963இல் அங்கு கட்டாயமானது. காரில் பொருத்தப்பட்ட முதலாவது சூழல் பாதுகாப்புக் கருவி இதுதான். நியாயமாகப் பார்த்தால் அதிக இலாபம் சூழலைவிட எஞ்சினுக்கே. ஒயில் சுத்தமாக இருக்க, எஞ்சின்கள் நீண்டகாலம் உழைக்கத் தொடங்கின.

வேலை செய்யும் விதம் எளிது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில், திறொட்டிலுக்குப் பின்னால் உள்ள இன்ரேக் மனிபோல்டில் எப்போதும் ஒரு உறிஞ்சல் இருக்கிறது. அந்த உறிஞ்சலை ஒரு ஹோஸ் மூலம் கிராங்கேசுக்கு இணைத்தால் உள்ளே சேரும் வாயு இழுக்கப்பட்டு மறுபடியும் சிலிண்டருக்குப் போய் எரிந்துவிடும். ஆனால் நின்று இயங்கும்போதுதான் உறிஞ்சல் மிக அதிகம், வாயு குறைவு. வேகமாக ஓடும்போது வாயு கூடும், உறிஞ்சல் குறையும். நேரடியாக இணைத்தால் நின்று இயங்கும் எஞ்சின் தடுமாறும். அதனால்தான் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு ஊசி. உறிஞ்சல் கூடும்போது ஊசி இழுபட்டு வழியை ஒடுக்கும். குறையும்போது ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியை அகலமாக்கும். மனிபோல்டுக்குள் தீ பின்னோக்கி வெடித்தால் ஊசி முற்றாக அடைத்து, ஒயில் ஆவி நிறைந்த கிராங்கேசுக்குள் தீ போகாமல் தடுக்கும்.

தேடும் முறை

இணையத்தில் தேடினால் வால்வு டப்பற் கவரின் மேல் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். உங்கள் காரின் பொனற்றைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அல்லது நான்கைந்து ஹோஸ்கள் இருக்கும். ஆகவே வால்வைத் தேடாதீர்கள், ஹோஸைத் தேடுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனமானால் ரெடி விளக்கு முற்றாக அணைந்திருக்க வேண்டும், திறப்பு வாகனத்திலிருந்து தள்ளி இருக்கவேண்டும். அந்த எஞ்சின்கள் கேட்காமலே கிளம்பக்கூடியவை. கை உள்ளே இருக்கும்போது அது விளையாட்டல்ல.

எஞ்சினின் மேல் அலங்காரப் பிளாஸ்ரிக் மூடி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு எயார் பில்ற்றர் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் எஞ்சினை நோக்கிப் போகும். அது போய்ச் சேரும் உலோக அல்லது பிளாஸ்ரிக் வாய்தான் திறொட்டில் பொடி. அதற்கு அப்பால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிளை பிரியும் பகுதி இன்ரேக் மனிபோல்ட். திறொட்டிலுக்கு முன், திறொட்டிலுக்குப் பின் என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மிச்ச வேலை இலகு.

டப்பற் கவரில் இருந்து, அதாவது ஒயில் ஊற்றும் மூடி இருக்கும் அந்த மேல் மூடியில் இருந்து, பெரும்பாலும் இரண்டு ஹோஸ்கள் புறப்படும். ஒன்று எயார் பில்ற்றருக்கும் திறொட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் போய்ச் சேரும். அது சுத்தக் காற்று உள்ளே போகும் வழி. பிறீதர் ஹோஸ் என்பார்கள். அதில் வால்வு இருக்காது. மற்றது திறொட்டிலைத் தாண்டி மனிபோல்டில் சேரும். அந்த ஹோஸின் இரண்டு முனைகளில் ஒன்றில்தான் வால்வு இருக்கிறது. பெரும்பாலும் கவர் பக்கத்து முனையில். சில எஞ்சின்களில் மனிபோல்ட் பக்கத்து முனையில்.

கவரில் ஒரு ஹோஸ்தான் இருக்கிறது, அது பிறீதர்தான் என்றால் மனிபோல்டில் இருந்து தொடங்குங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டுக்கு இறங்கும் ஹோஸ் ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கையால் தடவிப் பின்தொடருங்கள். கைத்தொலைபேசியின் கமராவை விளக்கோடு உள்ளே நீட்டிப் படம் எடுப்பது இன்னும் நல்லது. புளொக்கில் ஒட்டியபடி கறுப்புப் பெட்டிபோன்ற ஒன்று தெரியும். வாயுவோடு வரும் ஒயில் துளிகளைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் பெட்டி அது. வால்வு அதன் வாயிலோ ஹோஸின் மறுமுனையிலோ இருக்கும்.

மனிபோல்டில் சேரும் எல்லா ஹோஸும் பி.சி.வி. ஹோஸ் அல்ல. இதில் ஒரு குழப்பம் ஆபத்தானது. பிறேக் சேவோவுக்குப் போகும் தடித்த ஹோஸும் மனிபோல்டில் இருந்துதான் உறிஞ்சலை எடுக்கிறது. அதன் நடுவிலும் ஒருவழி வால்வு உண்டு; பார்வைக்கு பி.சி.வி. போலவே தோன்றும். அதைக் கழற்றினால் அல்லது மாற்றிப் பொருத்தினால் பிறேக் பெடல் கல்லாகிவிடும். சாரதிக்கு முன்னால் உள்ள சுவரில் பெரிய வட்டச் சட்டிபோல் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே போகும் ஹோஸைத் தொடவேண்டாம். மின்வயர் செருகப்பட்ட சிறு வால்வு என்றால் அது பெற்றோல் தாங்கியின் ஆவியைக் கொண்டுவருவது. திறொட்டில் பொடியில் செருகிய மெல்லிய ஹோஸ்களில் சில றேடியேற்றர் தண்ணீர் ஓடுபவை, கழற்றினால் நனைவீர்கள்.

நம்மிடையே ஓடும் சில எஞ்சின்கள்

தொண்ணூறுகளின் கொறோலா 110இல் வந்த 5ஏ எஞ்சின் பழகுவதற்கு நல்லது. டப்பற் கவரில் ஒரு றப்பர் வளையம், அதற்குள் அழுத்திச் செருகிய வால்வு, அதன் தலையில் ஹோஸ். கையால் ஆட்டி இழுத்தால் வந்துவிடும். றப்பர் வளையம் வயதால் கல்லுப்போல் இறுகியிருக்கும்; உடைந்து துண்டு உள்ளே விழாமல் பார்க்கவேண்டும். வால்வு வாங்கும்போது அந்த வளையத்தையும் சேர்த்து வாங்குவது புத்தி.

அதற்கு அடுத்த தலைமுறையான 1என்சட் எஞ்சின் இலங்கையில் எத்தனை உடம்புகளுக்குள் இருக்கிறது என்று எண்ணினால் களைத்துப்போவோம். கொறோலா 121, அக்சியோ 141, 1.5 விட்ஸ், பிறிமியோ, அலியன், புறோபொக்ஸ். அதன் ஹைபிரிட் சகோதரம் இரண்டாம் தலைமுறைப் பிரியஸிலும் அக்குவாவிலும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் வால்வு டப்பற் கவரில் திருகிப் பொருத்தப்பட்டது. ஸ்பானர் அல்லது ஆழமான சொக்கற் வேண்டும். பழைய வால்வு நெம்பினால் முறியும் வகை. ஹோஸை முதலில் கழற்றிவிட்டு நேராகத் திருகவேண்டும். லான்சர்களில் வந்த மிற்சுபிசி 4ஜி15 எஞ்சினிலும் கவரில் திருகிய வால்வுதான்.

தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக்குகளில், டி15, டி16 எஞ்சின்களில், கவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். அங்கே இருப்பது பிறீதர் மட்டுமே. இன்ரேக் மனிபோல்ட் எஞ்சினுக்கும் சாரதி பக்கச் சுவருக்கும் இடையில் இருக்கிறது. வால்வு அந்த மனிபோல்டின் அடிப்பக்கத்தில் றப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டு, கீழே புளொக்கின் முதுகில் உள்ள கறுப்புப் பெட்டியோடு ஹோஸால் இணைந்திருக்கும். மேலிருந்து தெரியாது. இருபத்தைந்து முப்பது வருடம் ஓடிய இந்தக் கார்களில் ஒருதடவைகூட மாற்றப்படாத வால்வு இருக்கலாம் என்பதில் ஆச்சரியமில்லை. தெரியாத இடத்தில் இருப்பதை யார் மாற்றுவார்?

மோசமான இடம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸில். 2009 முதல் 2015 வரை வந்த, 1.8 லீற்றர் 2சட்ஆர் எஞ்சின் கொண்ட உருவம். இதில் வால்வு புளொக்கில், இன்ரேக் மனிபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒழுங்காக மாற்றவேண்டுமென்றால் மனிபோல்டைக் கழற்றவேண்டும். ஆகவே இந்தக் காருக்கு என் பரிந்துரை வேறு. மனிபோல்டையும் ஈ.ஜி.ஆர். பாதையையும் கழுவுவதற்கு எப்படியும் ஒருநாள் அதைக் கழற்ற வேண்டிவரும். இந்த எஞ்சினில் ஈ.ஜி.ஆர். அடைப்பு பேர்போன பிரச்சினை. அந்த நாளில் வால்வையும் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். கூலி ஒன்றுதான். கேட்காவிட்டால் மாற்றமாட்டார்கள்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேடலே வேறு. பி.எம்.டபிள்யூ., வொக்ஸ்வாகன் எஞ்சின்கள் பலவற்றில் ஊசி வால்வுக்குப் பதில் மெல்லிய றப்பர்ச் சவ்வு வேலை செய்கிறது. சில மாடல்களில் அந்தச் சவ்வு டப்பற் கவருக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். கிழிந்தால் எஞ்சின் விசில் அடிக்கும், ஒயில் மூடியைத் திறக்கவிடாமல் உள்ளே இழுத்துப் பிடிக்கும்.

சிவிக் 1.0, ரைஸ் போன்ற ரேர்போ பெற்றோல் கார்களில் ரேர்போ காற்றைத் தள்ளும்போது மனிபோல்டில் உறிஞ்சலுக்குப் பதில் அழுத்தம் வந்துவிடும். அந்நேரம் வால்வு பின்னோக்கி அடைக்க வேண்டும்; வாயு பிறீதர் வழியாக ரேர்போவின் வாய்க்குப் போகும். அடைக்காவிட்டால் அழுத்தம் நேரே கிராங்கேசுக்குள். டீசல் எஞ்சின்களில், டொல்பின் வான்களில் உள்ளதுபோன்றவற்றில், பெற்றோல் எஞ்சினின் பலமான உறிஞ்சல் கிடையாது. அங்கே இந்த ஊசி வால்வைத் தேடி மினக்கெட வேண்டாம். பிறீதர் ஹோஸ் அடைபடாமல், மடிபடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கண்டுபிடித்தாயிற்று. பழுதா என்று எப்படி அறிவது?

வால்வு இரண்டு விதமாகப் பழுதாகும். அறிகுறிகள் எதிரெதிர்.

அடைபட்டால் முன்னர் சொன்ன அழுத்தம். சீல் கசிவு, எழும்பி நிற்கும் ஒயில் ஸ்டிக். எயார் பில்ற்றர் பெட்டிக்குள் ஒயில் ஈரம் தெரிந்தால் அது முக்கியமான தடயம். போகவேண்டிய வழி அடைபட்டதால் வாயு பிறீதர் வழியாகத் தலைகீழாக வந்திருக்கிறது. மாறாக, வால்வு திறந்தபடியே இறுகினாலோ ஹோஸ் வெடித்தாலோ கணக்கில் வராத காற்று மனிபோல்டுக்குள் புகும். நின்று இயங்கும்போது எஞ்சின் நடுங்கும் அல்லது வேகம் கூடி நிற்கும். ஸ்கானரில் பி0171 என்ற குறி விழலாம். காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று அதற்குப் பொருள். இந்தக் குறியைக் கண்டதும் ஒட்சிசன் சென்சரையும் இன்ஜெக்ரரையும் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெடித்த ஹோஸ் ஒன்றுக்காக சென்சர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் கார் விழுந்தால், மருந்துப் போத்தல் வாங்கிப் பெற்றோலில் ஊற்றுவதற்கு முன் இந்த ஹோஸை ஒருமுறை பார்ப்பதில் நட்டமில்லை.

வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் நல்லது என்பது பழைய சோதனை. சத்தம் வராவிட்டால் ஊசி இறுகிவிட்டது நிச்சயம். சத்தம் வந்தால் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் சத்தம் போடும். அதைவிட நல்லது ஊதிப் பார்ப்பது. ஹோஸ் வழியாக, எஞ்சின் பக்கத்து முனையில் ஊதினால் காற்று இலகுவாகப் போகவேண்டும். மனிபோல்ட் பக்கத்து முனையில் ஊதினால் சிரமப்பட்டுத்தான் போகவேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் மாற்றவேண்டியதுதான். வாயால் உறிஞ்சிப் பார்க்கக்கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் படிவு நஞ்சு.

கழற்றாமலும் சோதிக்கலாம். எஞ்சின் நின்று இயங்கும்போது ஹோஸைக் குறட்டால் மெதுவாக நசுக்கினால், நல்ல வால்வில் ‘ரிக்’ என்ற சத்தமும் எஞ்சின் ஓட்டத்தில் சிறு மாற்றமும் வரும். ஒயில் மூடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையின் மேல் ஒரு காகிதத்தை வைத்தால் அது மெல்ல உள்ளே இழுபடவேண்டும். காகிதம் எழும்பிப் பறந்தால் ஒன்றில் வால்வு அடைபட்டிருக்கிறது, அல்லது ரிங்குகள் தேய்ந்து வால்வால் சமாளிக்க முடியாத அளவு வாயு வருகிறது. ஹைபிரிட் கார் நின்றிருக்கும்போது எஞ்சினைத் தொடர்ந்து இயக்கிவைக்கத் தனி முறை இருப்பதால், அதைத் தெரிந்த ஒருவரின் துணை வேண்டும்.

ஒயில் மூடியின் அடியில் மஞ்சளாக, பட்டர் பூசியதுபோல் படிவு இருந்தால் உடனே ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். தண்ணீர் குறைகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெளியேறாமல் தங்கிய நீராவியாக இருக்கக்கூடும். ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடும் கார்களில் இது சாதாரணம். எஞ்சின் முழுமையாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. வால்வும் அடைபட்டிருந்தால் படிவு இன்னும் தடிக்கும்.

மாற்றும்போது

வால்வைக் காபரேற்றர் கிளீனரால் கழுவித் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். 2022இல் உதிரிப்பாகம் எதுவும் கிடைக்காத மாதங்களில் பலர் அப்படித்தான் சமாளித்தார்கள். களி அடைத்த வால்வு கழுவினால் விடுபடும். தளர்ந்த ஸ்பிரிங் கழுவினாலும் இறுகாது. இன்று கடையில் கிடைக்கும்போது கழுவிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த எஞ்சினுக்கு மற்றைய எஞ்சினின் வால்வை, பருமன் ஒன்றுதானே என்று பொருத்துவதிலும் இல்லை. உள்ளே இருக்கும் துளையும் ஸ்பிரிங்கும் அந்தந்த எஞ்சினின் அளவுக்குச் செய்யப்பட்டவை. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் ஓட்டம் வேறாக இருக்கும். செசி இலக்கத்தைக் கொடுத்துப் பாக இலக்கம் கேட்டு வாங்குங்கள்.

ஹோஸும் அப்படித்தான். இறுகி வெடித்த ஹோஸுக்குப் பதிலாகக் கிடைத்த றப்பர்க் குழாயை வெட்டிப் போடுவது வழக்கம். தண்ணீர்க் குழாய் ஒயில் ஆவியில் ஊதிப் புளித்துப்போகும். மெல்லிய குழாய் உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும், அப்போது புதிய வால்வு இருந்தும் வழி அடைபட்டதுதான். ஒயிலைத் தாங்கும், வளைவு வைத்து வார்த்த ஹோஸ் வேண்டும். திருகும் வகை வால்வானால் இறுக்குவதில் பலத்தைக் காட்டவேண்டாம். கவர் அலுமினியம் அல்லது பிளாஸ்ரிக். புரி போனால் கவரையே மாற்ற நேரும்.

களி சேர்ந்த எஞ்சினில் வால்வை மட்டும் மாற்றிப் பழைய ஒயிலையே விட்டுவைத்தால் புதியதும் அடைபடும். ஒயிலையும் பில்ற்றரையும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு எஞ்சினின் வெளிப்புறத்தில் உள்ள பழைய ஒயில் அழுக்கைக் கழுவித் துடைத்துவிட்டு சில நூறு கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பழைய கசிவையும் புதிய கசிவையும் பிரித்தறிய முடியாது. காய்ந்தபடி இருந்தால் அந்தச் சீலுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஈரம் தெரிந்தால், ஈரத்தின் மிக உயரமான இடம் எது என்று பாருங்கள். ஒயில் கீழ்நோக்கித்தான் வடியும், கசிவு அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது.

வால்வும் ஹோஸும் புதிது, காகிதம் இன்னும் பறக்கிறது என்றால் அப்போதுதான் ரிங்குகளைப் பற்றிப் பேசவேண்டும். அப்போதும் எஞ்சினை இறக்குவதற்கு முன் கொம்பிறசன் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவுமானி வைத்து அழுத்தம் எடுப்பார்கள். குறைந்த அளவு காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் கோளாறு மேலே, எஞ்சின் வால்வுகளிலோ ஹெட் கஸ்கட்டிலோ. இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு கராஜில் விலை கேட்கும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கவேண்டும்.